அந்த நாற்பத்தொரு கிலோ யார்?

போன மாதம் நிவேதா போன் செய்தாள். ஒரகடத்தில் நான் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த மருந்துக் கம்பெனியில், புள்ளியியல் பிரிவில், என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். அந்த நாற்காலியின் இடது கை ஆடும். அதற்கு நான் பொறுப்பில்லை, என் எடைதான் பொறுப்பு.

"சார், ஒரு டவுட். சாஃப்ட்வேர்ல புது வெர்ஷன் வந்திருக்கு. பழைய டெம்ப்ளேட்டை எல்லாம் மாத்திக்கிட்டிருக்கோம். அதுல உடல் எடைக்கு நேரா நாப்பத்தொண்ணுன்னு ஒரு நம்பர் கிடக்கு. எந்த வழிகாட்டிப் புஸ்தகத்துல தேடினாலும் இல்ல சார். நாப்பதுன்னாகூட ரவுண்டா இருக்கு, புரியுது. அதென்ன நாப்பத்தொண்ணு? தூக்கிடலாம்னு சொல்றாங்க."

"தூக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காபி குடிக்கிற நேரம் குடும்மா," என்றேன். அந்தக் காபி ஆறி, இன்னொரு காபி போட்டு, அதுவும் ஆறுகிறவரை பேசினேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஒழுங்கு என்பது என் கைக்கு அவ்வளவாக வராத சமாச்சாரம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நான் பார்த்த வேலை என்ன என்பதை என் மனைவிக்குச் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்து ரத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது, அதனால் உடம்பில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போடுவோம். ஒரே அளவு மருந்து ஓடினாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்காது. வயது, எடை, கிட்னி, ஆணா பெண்ணா என்று ஆளுக்கு ஆள் மாறும். அந்த மாற்றத்தை ஒரு படமாகப் போட வேண்டும். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, அது சராசரி நோயாளி. ஓரத்தில் ஒவ்வொரு வகை ஆளுக்கும் ஒரு வரிசை. வரிசைக்கு ஒரு புள்ளி, புள்ளியின் இரண்டு பக்கமும் மீசை மாதிரி ஒரு கோடு. புள்ளி வலது பக்கம் தள்ளியிருந்தால் அந்த ஆளுக்குப் பக்கவிளைவு அதிகம். மீசை நீளமாக இருந்தால் அந்த ஆளைப் பற்றி எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் மனைவி, "இதுக்கா மாசாமாசம் சம்பளம் குடுக்கறாங்க?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்காகத்தான் சீக்கிரமே ஓய்வு வாங்கினேன்.

நான் புள்ளியியலில் பி.எஸ்சி. படித்தவன். கம்பெனியில் சேர்ந்த புதிதில் அட்டவணைகளுக்குக் கோடு போட்டேன், தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினேன். கைராசிக்காரன் என்று பெயர்கூட எடுத்தேன். அப்புறம்தான் இந்தச் சாஃப்ட்வேர் வந்தது. பேய்சியன் முறை என்றார்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. பழைய முறையில் கேட்ட கேள்விக்குக் கணக்கு ஒரு பதில் சொல்லும். இது ஆயிரக்கணக்கில் பதில் சொல்லும். அந்தப் பதில்கள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றனவோ, அதுதான் மீசையின் நீளம். ஒரு பதிலுக்கே வியர்க்கிற மனிதனிடம் ஆயிரம் பதிலைக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன ஆகும்? கர்ச்சீப் செலவு அதிகமாயிற்று.

எங்கள் பிரிவுக்குத் தலைவி ரங்கநாயகி மேடம். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், கோயில் கைங்கர்யக் குடும்பம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதனால்தான் பயம். கத்துகிறவர்களிடம் கத்தல் முடிந்தால் விஷயமும் முடிந்துவிடும். மேடம் மவுஸைத் தொட மாட்டார். கைப்பையிலிருந்து ஓர் எஃகு ஸ்கேலை எடுத்து என் திரையின் மேல் படுக்கைவாட்டில் வைப்பார். மேல் வரிசையில் தொடங்கி ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வருவார். ஒவ்வொரு வரிசையிலும் நிறுத்தி, கல்யாண ஆல்பம் பார்க்கிறவர் மாதிரி, அதே கேள்வி: "இவா யாரு?"

முதல் தடவை, சாஃப்ட்வேர் தானாகப் போட்டுக் கொடுத்த படத்தை அப்படியே காட்டினேன். வரிசைகளுக்குப் பெயராக டேட்டாவில் இருந்த சுருக்கெழுத்துகள் வந்திருந்தன. எழுத்தும் எண்ணும் கலந்து, லாரி நம்பர் மாதிரி.

"இவா யாரு?"

"கிட்னி சரியா வேலை செய்யாதவங்க, மேடம்."

"அவாளுக்கு எதுக்கு லாரி நம்பர்? அவா படிச்சுப் பாத்தா தன்னைத்தான் சொல்றதுன்னு தெரிய வேண்டாமா? மாத்துங்கோ."

பெயர் மாற்றக் கற்றுக்கொண்டேன். அடுத்த வாரம் வரிசை முறை. சாஃப்ட்வேர் அகர வரிசையில் அடுக்கும். "அதிகமா அவஸ்தைப்படறவா மேல இருக்கட்டும், அகர வரிசைக்கு இது என்ன அட்டெண்டன்ஸா?" என்றார். அதையும் மாற்றினேன். அதற்கடுத்த வாரம் ஸ்கேலைச் செங்குத்தாகத் திருப்பி, நடுக்கோட்டின் மேலேயே வைத்துவிட்டார். "இவா யாரு?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கோடு என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஓர் ஆள்தான் என்றும், அவருக்கு என்ன வயது, என்ன எடை, கிட்னி எப்படி என்று சாஃப்ட்வேர் டேட்டாவின் நடுவிலிருந்து தானாக ஒருவரைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது என்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் அடியில் அந்த நடுக்கோட்டு ஆளின் விவரம் எழுதுவது எங்கள் பிரிவில் வழக்கமாயிற்று. இன்றும் இருக்கிறது என்று நிவேதா சொன்னாள்.

இப்படி ஓரளவு படம் போடத் தெரிந்தவனாக நான் நெஞ்சை நிமிர்த்திய நேரத்தில்தான் அந்த வலிப்பு மருந்து வந்தது.

நல்ல மருந்து. வலிப்பை நன்றாக அடக்கியது. சிலருக்குத் தலை சுற்றியது, அவ்வளவுதான். பெரிய மாத்திரை, சின்ன மாத்திரை என்று இரண்டு அளவில் செய்வதாக இருந்தார்கள். பெரிய மாத்திரை மட்டும் போதுமே என்ற யோசனை பிறகு வந்தது. அந்த மருந்தின் வியாபாரத்துக்குப் பொறுப்பாளர் பிரபாகர் சார். கெட்ட மனிதர் இல்லை. சின்ன மாத்திரைக்குத் தனி அச்சு, தனி அட்டை, மெஷினை நிறுத்திக் கழுவி மாற்றுகிற நேரம் என்று அவருக்கு ஆயிரம் தலைவலி. ஒல்லியானவர்களுக்குத் தலைசுற்றல் அதிகமில்லை என்று எங்கள் படம் காட்டிவிட்டால், சின்ன மாத்திரையை நிம்மதியாகக் கைவிடலாம் என்று காத்திருந்தார்.

படமும் அப்படித்தான் காட்டியது. எடைக்கு இரண்டு வரிசை. இரண்டின் புள்ளியும் நடுக்கோட்டின் மேல் சாதுவாக உட்கார்ந்திருந்தன, மீசையும் குட்டை. நான் சந்தோஷமாகப் பிரபாகர் சாருக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு மேடத்தைக் கூப்பிட்டேன். ஸ்கேல் இறங்கி வந்தது. எண்பத்தெட்டுக் கிலோ வரிசையில் நின்றது.

"இவா யாரு?"

"நான்தான் மேடம்."

சிரிக்கவில்லை. ஸ்கேல் அடுத்த வரிசைக்கு இறங்கியது. ஐம்பத்துநாலு கிலோ.

"இவா?"

"டேட்டால ஒல்லியானவங்க பக்கம் கீழ்க்கோடி மேடம். அதை சாஃப்ட்வேரே எடுத்துக்கும்."

"டேட்டா எங்கேர்ந்து வந்தது?"

"பெரும்பாலும் வெளிநாட்டு ஆஸ்பத்திரிங்க."

"மாத்திரையை விக்கப்போறது?"

"இங்க."

ஸ்கேலைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார். "நீங்க படப்பைலேர்ந்துதானே வரேள்? வழியில இதை விட ஒல்லியா ஒருத்தரையும் பாக்கறதில்லையா?"

"தினம் ஷேர் ஆட்டோல ஒரு பொண்ணு வரும் மேடம். வத்தலா இருக்கும்."

"எத்தனை கிலோ?"

"மேடம், அதை எப்படி மேடம் கேக்கறது?"

"சாஃப்ட்வேர்கிட்ட கேக்கத் தெரியறதோன்னோ, அப்படித்தான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு நடுவயது ஆண், காலை ஷிப்ட் நேரத்தில், முன்பின் பேசியிராத பெண்ணிடம் எடை கேட்பது என்பது சாஃப்ட்வேர் வேலையில் சேராது. தர்ம அடி வாங்குகிற வேலையில் சேரும். வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் ஷேர் ஆட்டோ. ஓட்டுநர் ஏழுமலை ஆட்களைத் தன் கணக்கில் அடுக்குவார். "சார், நீ அந்தாண்ட ஓரம் குந்து. அக்கா இந்தாண்ட. யம்மா, நீ நடுவுல சொருவிக்கோ, ஒனக்கு எடமே வாணாம்."

"நானும் முழு ரூவாதான குடுக்கேன்," என்றாள் அந்தப் பெண். பெயர் இசக்கி என்பது அப்புறம் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கம். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் வேலை, படப்பையில் ஹாஸ்டல்.

"துட்டு ஆளுக்கு, எடம் வெயிட்டுக்கு," என்றார் ஏழுமலை.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று நினைத்தேன். தொண்டையைச் செருமினேன். "தப்பா எடுத்துக்காதம்மா. உன் வெயிட் எவ்ளோ?"

அந்தப் பக்கத்து அக்கா சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். கண்ணாடியில் ஏழுமலையின் கண் என்னைப் பிடித்தது.

"எதுக்கு கேக்கிய சார்? கிட்னி வேணுமா?" என்றாள் இசக்கி.

"கிட்னிக்கு வேற வரிசை இருக்கும்மா," என்றேன்.

பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்த வாக்கியங்களில் இதற்குத்தான் முதல் பரிசு. ஆட்டோ வேகம் குறைந்தது.

"இன்னா சார், பாத்தா படிச்ச ஆளாட்டம் கீற. என் வண்டில குந்திகினு கிட்னி மேட்டர் பேசினுகீற?"

அதற்கப்புறம் மூச்சு விடாமல் சொன்னேன். வலிப்பு மருந்து, சின்ன மாத்திரை, பெரிய மாத்திரை, ஒல்லியானவர்களுக்குத் தலை சுற்றுமோ என்கிற சந்தேகம், சாஃப்ட்வேர் பார்த்த மிக ஒல்லியான ஆளே ஐம்பத்துநாலு கிலோ என்பது, எங்கள் மேடம், அவருடைய ஸ்கேல். இசக்கி கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அம்பத்துநாலா ஒல்லி? எங்க ஹாஸ்டல்ல அம்பத்துநாலு இருந்தா அவளை குண்டுன்னுதான் கூப்பிடுவோம். காய்ச்சல்னா அவளுக்கும் ஒரே மாத்திரைதான், எனக்கும் அதே மாத்திரைதான். தின்னுட்டு அவ டூட்டிக்குப் போயிருவா. நான் கெறங்கிக் கெடப்பேன். லைன்ல நிக்கவே முடியாது. சூப்பர்வைசர் நடிக்கேன்னு ஏசுவாரு." கொஞ்சம் நிறுத்தி, "நாப்பத்தொண்ணு. சாப்பிட்ட பொறவு," என்றாள்.

"சாப்ட்டதுக்கு அப்பாலயே அவ்ளோதானா?" என்றார் ஏழுமலை.

ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக, சாஃப்ட்வேர் தானாக எடுத்த ஐம்பத்துநாலை நீக்கிவிட்டு நாற்பத்தொன்று போட்டு, படத்தைத் திரும்ப வரையச் சொன்னேன். வரைந்தது. ஓரத்தில் 'எடை, நாற்பத்தொரு கிலோ' என்ற பெயர் இருந்தது. அதற்கு நேரே ஒன்றுமில்லை. புள்ளி இல்லை, மீசை இல்லை. சுத்தமாகத் துடைத்த மாதிரி வெற்றிடம்.

திரும்ப வரையச் சொன்னேன். வெற்றிடம். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். வெற்றிடம். கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், நான் இல்லாத நேரத்தில் புள்ளி வந்திருக்கும் என்பது போல. மாடலையே உடைத்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன். மாதக்கணக்கில் ஊரே சேர்ந்து செய்த கணக்கை ஒரு ஷேர் ஆட்டோ எண்ணைப் போட்டுக் கெடுத்துவிட்டேன். குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். பாதி மொட்டை ஏற்கெனவே இயற்கையாக முடிந்திருந்ததால் சலுகையாக இருக்கும் என்று நம்பினேன். அதோடு நிற்காமல், ராஜினாமாக் கடிதம் ஒன்றை அடித்து, அனுப்பாமல் சேமித்தும் வைத்தேன். நல்ல கடிதம். பல வருஷம் கழித்து விருப்ப ஓய்வு வாங்கியபோது அதையேதான் தேதி மாற்றி அனுப்பினேன்.

அப்போது மேடம் வந்தார். ஸ்கேல் வந்தது. வெற்று வரிசையில் நின்றது.

"இவா எங்க போயிட்டா?"

"காலையிலேர்ந்து காணோம் மேடம்."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "படத்தை விடுங்கோ. டெம்ப்ளேட்டைத் திறங்கோ. மேலேர்ந்து ஒவ்வொரு வரியா வாசிங்கோ," என்றார். படம் எப்படி வர வேண்டும் என்று சாஃப்ட்வேருக்கு வரி வரியாக எழுதிவைத்திருந்த அந்த உத்தரவுகளை வாசித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

விஷயம் இதுதான். எல்லா அறிக்கையிலும் படங்கள் ஒரே அளவில் அழகாக இருக்க வேண்டும் என்று, எங்களுக்கும் முன்னால் யாரோ படத்தின் அகலத்துக்கு இரண்டு பக்கமும் எல்லை கட்டியிருந்தார்கள். ஒருவருடைய மீசை அந்த எல்லையைத் தாண்டினால், சாஃப்ட்வேர் தாண்டிய மீசையை மட்டும் நறுக்குவதில்லை. அந்த ஆளையே தூக்கிவிடும். தூக்கியதும் ஓரமாக ஓர் எச்சரிக்கை காட்டும், ஒரு வரிசையை நீக்கிவிட்டேன் என்று. அந்த எச்சரிக்கை பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் யாரோ அணைத்துவைத்திருந்தார்கள்.

எல்லையை அவிழ்த்தேன். படம் வரைந்துகொண்டு வந்தது. நாற்பத்தொரு கிலோ வரிசையில் புள்ளி நடுக்கோட்டிலிருந்து நன்றாக வலது பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. மீசை அங்கிருந்து கிளம்பித் திரையின் விளிம்புவரை போனது. அதற்கு இடம் கொடுப்பதற்காக மற்ற எல்லோரும், எண்பத்தெட்டுக் கிலோவான நான் உள்பட, இடது ஓரத்தில் நெருக்கியடித்து ஒண்டிக்கொண்டோம். இசக்கிக்கு முதல் தடவையாக முழு சீட்.

மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். "இது உடையலை. இத்தனை நாள் காட்டாம வெச்சிருந்திருக்கோம்," என்றார். "எச்சரிக்கையையும் திறந்து வையுங்கோ. பிரபாகருக்கு இதையே காட்டலாம்."

மீட்டிங்கில் பிரபாகர் சார் முகம் போன போக்கை நான் பார்க்காமல் பேடில் பூ வரைந்துகொண்டிருந்தேன்.

"மேடம், போன வாரம் பாத்த படம் நல்லா இருந்துதே. அந்த நீளக் கோட்டைக் கொஞ்சம் சுருக்கி, அளவா, பாக்க லட்சணமா போட முடியாதா?"

"அந்தக் கோடு நமக்குத் தெரியாததோட நீளம் பிரபாகர். லட்சணத்துக்காக அதைச் சுருக்க முடியாது."

"டேட்டால அந்த எடையில ஆளே இல்லங்கறீங்க. இல்லாத ஆளை எதுக்கு காட்டணும்?" சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. யாரு சார் இந்த நாப்பத்தொரு கிலோ?"

எனக்கு அந்த நேரத்தில் கைடுலைன், சதவீதம், மாடல் என்று ஆயிரம் சொல் தெரியும். ஒன்றும் வரவில்லை.

"இசக்கி சார்."

"யாரு?"

"ஷேர் ஆட்டோ சார். நடு சீட்."

சேமித்து வைத்த ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரி என் கண் முன்னால் ஓடியது. மேடம் ஸ்கேலை மேஜைமேல் வைத்துவிட்டு, "சொல்லுங்கோ," என்றார். சொன்னேன். எலக்ட்ரானிக்ஸ் லைன், ஹாஸ்டல், காய்ச்சல் மாத்திரை, கிறங்கிக் கிடப்பது, சூப்பர்வைசர் ஏசுவது. கிட்னியை மட்டும் விட்டுவிட்டேன்.

பிரபாகர் சார் பேனாவை மூடினார், திறந்தார். "இந்த ரோட்டுல பாதிப் பேர் மெஷின் முன்னாடி நிக்கிறவங்க," என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. "வலிப்புக்கு மாத்திரை போட்டு, அந்த மாத்திரையிலயே தலை சுத்தி, பிரெஸ்ல கை போச்சுன்னா?"

"அப்படி ஆகும்னு நான் சொல்லலை. ஆகாதுன்னும் சொல்லத் தெரியலை. அதான் கோடு அவ்வளவு நீளம்," என்றார் மேடம்.

"மெஷினை நிறுத்திக் கழுவறது என் தலையெழுத்து," என்றார் பிரபாகர் சார். சின்ன மாத்திரை பிழைத்தது. ஒல்லியான நோயாளிகளை வைத்து இங்கேயே ஒரு சிறிய சோதனையும் நடத்த ஒப்புக்கொண்டார்கள். அது முடிந்து புது டேட்டா வந்ததும் அதே வரிசையைத் திரும்பப் போட்டேன். மீசை பாதியாகக் குறைந்திருந்தது. புள்ளி மட்டும் வலது பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒல்லியானவர்களுக்குச் சின்ன மாத்திரை என்று அட்டையிலேயே அச்சடித்தார்கள்.

இசக்கியிடம் ஆட்டோவில் சொன்னேன். "அப்ப எனக்கு என்ன தருவாவ?" என்றாள். என்ன வேண்டும் என்றேன். "இவர்கிட்ட சொல்லி ஓரத்து சீட்டு வாங்கித் தாங்க, போதும்." ஏழுமலை அன்றைக்கு மட்டும் கொடுத்தார். நடுவில் நான் சொருகிக்கொண்டேன். அந்தப் பயணத்தில் என் இரண்டு பக்கத்தில் இருந்தவர்களும் என்னை மன்னித்திருக்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் அவள் வேறு கம்பெனி, வேறு ஹாஸ்டல் என்று பென்னலூர்ப் பக்கம் போய்விட்டாள். நாற்பத்தொன்று டெம்ப்ளேட்டிலேயே தங்கிவிட்டது.

போனில் இத்தனையும் கேட்டு முடித்த நிவேதா நேராக விஷயத்துக்கு வந்தாள். "அப்ப எடுக்கக் கூடாதா சார்?"

"தாராளமா எடு. அது ஒண்ணும் சாமி நம்பர் இல்ல. ஆனா எடுத்துட்டு காலியா விட்டீன்னா, சாஃப்ட்வேர் மறுபடி டேட்டால இருக்கிற கீழ்க்கோடி ஆளைக் கொண்டுவந்து குந்த வெச்சிடும். அடுத்த மருந்துக்கு இந்த ஆளு படத்துலயே இருக்க மாட்டா. அதனால உனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட எடையைப் போடு. கேக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. கிட்னி பேச்சு வந்தா வாயைத் திறக்காத."

சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். அவளை நான் நேரில் பார்த்ததில்லை. எப்படி இருப்பாள் என்று அதுவரை யோசித்ததும் இல்லை.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு போனில் ஒரு செய்தி வந்தது.

"டெம்ப்ளேட்ல மாத்திட்டேன் சார். முப்பத்தொம்பது. சாப்பிட்ட பிறகு. இவா யாருன்னு மட்டும் கேக்காதீங்க."